நாரியில் கோடு கீறுகிறவர்கள்

அந்த அம்மாவின் கைப்பைக்குள் ஒரு சீடியும் நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தன. சீடியில் அவருடைய முள்ளந்தண்டின் எக்ஸ்ரே. தாளில் ஓர் ஒப்பந்தம்: மூன்று மாதத்துக்குள் 36 தடவை வரவேண்டும், முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டினால் கழிவு உண்டு. சீடியைக் கணினியில் போட்டேன். படத்தின்மேல் யாரோ பச்சையில் ஒரு கோடும் சிவப்பில் ஒரு கோடும் கீறியிருந்தார்கள். பச்சை, முள்ளந்தண்டு இருக்கவேண்டிய இடமாம். சிவப்பு, அது இப்போது இருக்கிற இடமாம்.

"பிள்ளை, என்ரை முள்ளந்தண்டு விலகிப் போச்சாம். இப்பிடியே விட்டா இன்னும் பத்து வரியத்தில நடக்கேலாதாம்."

வயது 58. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. கட்டிலில் கிடந்த ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது நாரி பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமை ஆகிறது. கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். கால் விறைப்பு இல்லை. காய்ச்சல் இல்லை. நிறை குறையவில்லை. சலம் போவதில் சிக்கல் இல்லை. புற்றுநோய் வந்ததில்லை. விழவில்லை, அடிபடவில்லை. குனிந்தால் நோகிறது, நிமிர்ந்தால் நோகிறது, நடந்தால் கொஞ்சம் சுகம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்: நாரிப்பிடிப்பு. எனக்கும் அதைவிடப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு கிழமைக்குள் அவர் தன் ஒன்றரை வயதுப் பேரனைத் தூக்குவதை நிறுத்தியிருந்தார். நோவினால் அல்ல. பயத்தினால்.

கோடு கீறியவர் போலி வைத்தியர் அல்ல. நான் படித்த படிப்பைப் படித்தவர், என்னிடம் இருக்கும் அதே உரிமத்தை வைத்திருப்பவர். நானும் ஒரு கைரோபிராக்டர். ஸ்காபரோவில் பத்தொன்பது வருடமாக நாரி பார்க்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையை வெளியில் நின்று கல்லெறியும் ஒருத்தியின் கட்டுரையாக வாசிக்க வேண்டாம். வீட்டுக்குள் நடக்கும் சண்டை இது.

போன பனிக்காலத்தில் எங்கள் தொழில்காரர் சிலர் கூடிய ஓர் இடத்தில், நாரி நோவுக்கான சான்றடிப்படை வழிகாட்டி நெறிகளைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுப்பதையும் 36 தடவைப் பொதிகளை விற்பதையும் நாங்களே நிறுத்தவேண்டும் என்று நான் சொன்னேன். எனக்கு மூத்தவர் ஒருவர், நான் மாணவியாக இருந்த காலத்திலிருந்து அண்ணை என்று கூப்பிடுகிறவர், சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "தங்கச்சி, நீர் கைட்லைனைப் படிச்சுக்கொண்டிரும். நான் நாரியைப் பாத்துக்கொண்டிருக்கிறன்." எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம், நானும் சிரித்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணையின் வாதத்தை முதலில் நியாயமாக எடுத்துவைக்கிறேன். வழிகாட்டி நெறி என்பது சமையல் குறிப்பு; ஒவ்வொரு உடம்பும் வேறு. அதை எழுதுகிறவர்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர்கள், நோயாளியின் முதுகில் கை வைத்து எத்தனையோ காலமானவர்கள். அதை ஆவலோடு வாங்கிக்கொள்வது காப்புறுதிக் கொம்பனி. இருபத்தெட்டு வருடத்தில் என் கையால் சுகமான ஆயிரக்கணக்கான ஆட்களை விடவா உங்கள் ஆய்வு பெரிது? இவ்வளவும்தான். இதை அவர் மட்டும் சொல்வதில்லை. எங்கள் தொழிலில் பாதிப்பேர் வாய்விட்டும் மீதியில் கொஞ்சப்பேர் மனதுக்குள்ளும் சொல்வதுதான்.

இதே வாதத்தை இதே சொற்களில் முன்பு ஒருமுறை வேறொரு கூட்டம் சொன்னது. அது அண்ணைக்கும் தெரியும். அந்தக் கதையை எங்கள் கல்லூரி வகுப்பில் எங்களுக்குப் பெருமையாகச் சொல்லித்தந்தார்கள்.

1994 டிசம்பரில் அமெரிக்க அரசின் சுகாதாரக் கொள்கை ஆய்வு முகவரகம் திடீர் நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டது. குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஸ்டான்லி பிகோஸ், எலும்பு அறுவை வைத்தியர். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சல்லடை போட்டுப் பார்த்துவிட்டு அந்தக் குழு சொன்னது ஏறக்குறைய இது: ஆபத்தான அறிகுறி இல்லாவிட்டால் உடனே படம் எடுக்கத் தேவையில்லை. நாலு நாளுக்கு மேல் கட்டிலில் கிடப்பது நன்மையைவிடத் தீமை. அறுவை மிகச் சிலருக்குத்தான் தேவை. முதல் ஒரு மாதத்துக்குள் முள்ளந்தண்டைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை உதவக்கூடும்.

கடைசி வசனத்தைக் கண்டு எங்கள் தொழில் ஆடாத குறை. அதற்கு முன்னைய முப்பது வருடத்தை நினைத்தால் அது விளங்கும். 1963இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி வைத்தியத்துக்கு எதிராக என்று சொல்லி ஒரு குழு அமைத்தது; அதன் முதன்மை இலக்கு நாங்கள். கைரோபிராக்டரோடு சேர்ந்து தொழில் செய்வது மருத்துவருக்கு ஒழுக்கக்கேடு என்று வைத்திருந்தார்கள். செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் வேறு சிலரும் 1976இல் வழக்குப் போட்டு, 1987இல் நீதிபதி சூசன் கெட்சன்டானர் சங்கம் சட்டவிரோதமாக எங்களைப் புறக்கணித்தது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு வந்து ஏழு வருடத்தில் அரசே ஆய்வுகளைப் படித்துவிட்டு 'இவர்கள் செய்வதில் ஒன்று உதவக்கூடும்' என்கிறது. ஆடமாட்டோமா?

ஆடாதவர்கள் முள்ளந்தண்டு அறுவை வைத்தியர்கள். அவர்களுடைய சங்கத்தைச் சேர்ந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இது சமையல் குறிப்பு என்றார்கள். எழுதியவர்களுக்கு நடைமுறை தெரியாது என்றார்கள். எங்கள் அனுபவத்தை மதிக்கவில்லை என்றார்கள். விஷயம் வாஷிங்டனுக்குப் போனது. 1995இல் காங்கிரஸின் கீழ்ச்சபை அந்த முகவரகத்துக்கு ஒரு சதமும் ஒதுக்காமல் விடப் பார்த்தது. கடைசியில் கால்வாசி வெட்டோடு உயிர் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு வழிகாட்டி நெறி எழுதும் வேலையையே அது கைவிட்டது. 1999இல் பெயரும் மாறியது. நாரி நோவைப் பற்றி உள்ளதை எழுதியதற்கு ஓர் அரச நிறுவனம் கொடுத்த விலை இது.

அப்போது எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள்? சான்றைக் கண்டு பயப்படுகிறார்கள் பார், கத்தியை விடமாட்டார்கள் பார், வருமானம் போகிறது என்றுதான் கத்துகிறார்கள் பார் என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

2017க்கு வருவோம். அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கம் தன் உறுப்பினருக்கு ஐந்து அறிவுரைகளை வெளியிட்டது. முதலாவது, ஆபத்து அறிகுறி இல்லாத திடீர் நாரி நோவுக்கு முதல் ஆறு கிழமைக்குள் படம் எடுக்காதீர்கள். இரண்டாவது, நோயாளி தேறுகிறாரா என்று பார்க்கத் திரும்பத் திரும்பப் படம் எடுக்காதீர்கள். வெளியார் ஒருவரும் எழுதவில்லை. எங்கள் சங்கமே எழுதியது. உடனே எங்களுக்குள்ளேயே கொதிப்பு. சமையல் குறிப்பாம். எழுதியவர்களுக்கு நடைமுறை தெரியாதாம். அனுபவத்தை மதிக்கவில்லையாம். 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒழுங்குமுறை அமைப்பு வழக்கமாக எக்ஸ்ரே எடுப்பதைத் தடைசெய்து விதி கொண்டுவந்தபோதும் இதே பாட்டு. அறுவை வைத்தியர்கள் 1995இல் பாடியதுக்கும் இதுக்கும் ஒரு சொல்கூட வித்தியாசமில்லை, அண்ணை. தனக்குச் சாதகமான பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டு, அடுத்த பக்கத்தைக் கிழிக்கிறது எந்த ஊர் நியாயம்?

'சமையல் குறிப்பு' என்பதற்கு ஒரு பதில். சான்றடிப்படை மருத்துவம் என்ற பெயர் பிறந்தது எங்களுக்குப் பக்கத்தில், ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில். பெயர் வைத்தவர் கோர்டன் கயட். அந்த வட்டத்தின் மூத்தவரான டேவிட் சாக்கெட் 1996இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மிகத் தெளிவாக எழுதினார்: இது சமையல் குறிப்பு அல்ல, கிடைக்கிற ஆய்வும், வைத்தியரின் அனுபவமும், நோயாளி எதை விரும்புகிறார் என்பதும் ஒன்றாகச் சேரவேண்டும். இருபத்தெட்டு வருட அனுபவத்தைக் கடலில் எறியச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அது மட்டும் போதாது என்பதுதான் கதை.

ஏன் போதாது? நாரி நோவு ஒரு விசித்திரமான சாமான். அது பெரும்பாலும் தானாகவே குறைகிறது. திடீரென்று வந்த நோவு முதல் ஆறு கிழமைக்குள்ளேயே நன்றாக இறங்கிவிடுவதுதான் வழமை. எங்களிடம் ஆட்கள் எப்போது வருவார்கள்? மிக மோசமாக நோகிற நாளில். அதற்குப் பிறகு இறங்கத்தானே வேண்டும்? நான் கை வைத்தாலும் இறங்கும், ஒத்தடம் கொடுத்தாலும் இறங்கும், ஒன்றும் செய்யாமல் வேலைக்குப் போனாலும் பலருக்கு இறங்கும். பனையில் காகம் இருக்கப் பழம் விழுந்த கதை எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று மாதம் 36 தடவை காகம் வந்து இருந்தால், பழம் விழாமல் என்ன செய்யும்? இன்னுமொன்று. சுகமாகாதவர்கள் எங்களிடம் திரும்பி வருவதில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொருவரிடம் போய்விடுவார்கள். அண்ணையின் ஆயிரக்கணக்கான ஆட்களில் அவர்கள் இல்லை. என் கணக்கிலும் இல்லை.

அதனால்தான் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஒப்பிடவேண்டியிருக்கிறது. 1998இல் டேனியல் செர்கினும் கூட்டாளிகளும் நாரி நோவு உள்ள 321 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கைரோபிராக்டிக். ஒரு பகுதிக்கு நியூசிலாந்தின் ராபின் மக்கென்சி உருவாக்கிய உடற்பயிற்சி முறை. மிச்சப்பேருக்கு ஒரு சின்னப் புத்தகம், நோவு வந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிற புத்தகம், அவ்வளவுதான். முடிவில் முதல் இரண்டு பகுதியும் கிட்டத்தட்ட ஒன்று. புத்தகக்காரர் அவர்களைவிடக் கொஞ்சம்தான் பின்னால். செலவு? கைரோபிராக்டிக் பக்கம் ஆளுக்கு 429 டொலர். புத்தகப் பக்கம் 153. இந்தக் கட்டுரையை நான் படித்தது மூன்றாம் வருட மாணவியாக. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை. படிப்புக்கு எடுத்த கடன் அப்போதே பயங்கரமாக ஏறியிருந்தது.

அதற்காக எங்கள் கை வெறுங்கை என்று நான் சொல்லவரவில்லை. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், ஒருகாலம் எங்களை ஒழிக்க நின்ற அதே சங்கத்தின் இதழில், ஒரு தொகுப்பாய்வு வந்தது. திடீர் நாரி நோவில் முள்ளந்தண்டை அசைக்கும் சிகிச்சை நூற்றுக்குப் பத்துப் புள்ளி அளவுக்கு நோவைக் குறைக்கிறது என்று கண்டது. பத்து. சாதாரண வலி மாத்திரை தருகிற அளவு. குறைவுதான், ஆனால் மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அது பெரிய காரியம். அதே வருடம் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி, முதலில் மாத்திரைக்குப் போகாதீர்கள், சூடு, மசாஜ், அக்குபங்சர், முள்ளந்தண்டு அசைப்பு இவற்றில் ஒன்றைப் பாருங்கள் என்று தன் மருத்துவர்களுக்குச் சொன்னது. கனடாவில் எங்கள் ஆட்களே, அந்த்ரே புசியேர் தலைமையில், 2018இல் எழுதிய நெறியும் எங்கள் கையை வெட்டவில்லை. தேகப்பயிற்சியோடும் விளக்கத்தோடும் சேர்த்துச் செய்யுங்கள் என்கிறது. மாத்திரைக்குச் சமமான, பாதுகாப்பான, கௌரவமான ஒரு சின்ன வேலை எங்களுக்கு இருக்கிறது. அது போதாதா? அதைப் பெரிய மந்திரமாக்கப் போய்த்தானே இந்தச் சீரழிவு?

மந்திரத்தின் ஊற்றுக்கண் எங்கே என்றும் சொல்லவேண்டும். 1895 செப்டம்பரில் ஐயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்ற காந்த வைத்தியர், காது கேளாத ஹார்வி லில்லர்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் ஒரு முள்ளைத் தள்ளியதாகவும் அவருக்குக் காது கேட்டதாகவும் சொல்கிறார்கள். செவி நரம்பு மண்டைக்குள்ளேயே தொடங்கி மண்டைக்குள்ளேயே முடிகிறது. முதுகுக்கு அதற்கு அலுவலே இல்லை. ஆனாலும் அந்தக் கதையிலிருந்துதான் 'சப்லக்ஸேஷன்' வந்தது. முள்ளந்தண்டு சற்று விலகி நரம்பை நெரிப்பதுதான் எல்லா நோய்க்கும் மூலம் என்ற கொள்கை. மகன் பி. ஜே. பாமர் 1910இல் எக்ஸ்ரேயை உள்ளே கொண்டுவந்தார், அந்த விலகலைப் படத்தில் காட்டலாம் என்று. பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் அந்தப் பரம்பரைச் சொத்து.

படத்தில் என்ன தெரிகிறது? 2015இல் ஒரு தொகுப்பாய்வு, நோவே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பார்த்தது. இருபது வயதுக்காரரில் 37 சதவீதத்தினருக்கு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுத் தேய்வு. ஐம்பதில் 80 சதவீதம். எண்பதில் 96. ஒரு நோவும் இல்லாத ஆட்கள், திரும்பவும் சொல்கிறேன். தலைமயிர் நரைப்பதுபோல முதுகும் நரைக்கிறது. 58 வயதில் படம் எடுத்துவிட்டு 'தேய்ஞ்சு போச்சு' என்பது, ஒருவரின் நரையைக் காட்டி 'இதாலைதான் உங்களுக்குத் தலையிடி' என்பதற்குச் சமம்.

"படம் எடுக்காமல் கை வைச்சு, உள்ளுக்குப் புற்றுநோய் இருந்தா?" என்று அண்ணை கேட்டார். நல்ல கேள்விதான். அதற்குத்தான் முதலில் வாயால் கேட்கிறோம். நிறை குறைவு, காய்ச்சல், முன்னர் வந்த புற்றுநோய், நீண்டகால ஸ்டீரொய்ட், விழுந்த அடி, சலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கு விறைப்பு. இதில் ஒன்று இருந்தாலும் நிலைமை வேறு; சிலதுக்கு எக்ஸ்ரேயும் காணாது, அதே நாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஒன்றும் இல்லாத ஆளுக்கு எடுக்கிற எக்ஸ்ரே, அண்ணை, புற்றுநோயைத் தேடவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தைத் தேடுகிறது. அன்றைக்கு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு இடத்தில் அண்ணை சொல்வது சரி. காப்புறுதிக் கொம்பனி. ஒன்ராறியோவில் 'கைட்லைன்' என்ற சொல்லுக்கே ஒரு கெட்ட மணம் உண்டு. வாகன விபத்தில் சிறு காயம் என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு 2010இலிருந்து உச்சவரம்பு 3,500 டொலர். அந்தச் சட்ட ஏற்பாட்டின் பெயரும் கைட்லைன்தான். அதை வைத்துக்கொண்டு எத்தனை பேரை இடைநடுவில் கைவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்திருக்கிறேன். ஆனால் அது காசுக்குப் போட்ட வேலி. ஆய்வைப் படித்து எழுதிய நெறி வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது எங்கள் ஆட்களுக்கு வசதியாய்ப் போய்விட்டது. கொம்பனி மீதுள்ள நியாயமான கோபத்தைக் காட்டி, நியாயமில்லாத பொதியை விற்கிறோம். விபத்து நடந்தவருக்கு 3,500 முடியும்வரை வரவைத்துவிட்டு, முடிந்த அன்றைக்கே 'உங்களுக்கு இப்ப சுகம்' என்று சொன்ன இடங்களும் இருக்கின்றன. அதற்கு எந்த நெறியைக் குற்றம் சொல்வது?

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், நானும் செய்தேன். படிப்பு முடித்த முதல் ஒன்றரை வருடம் ஒரு நிலையத்தில் வேலை. அங்கே ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலாளி எண்ணிக்கை கேட்பார்: புது ஆட்கள் எத்தனை, அதில் பொதிக்குக் கையெழுத்து வைத்தவர்கள் எத்தனை. கோடு கீறுவதற்கு மென்பொருள் இருந்தது. நான் நன்றாகக் கீறுவேன். 2004இல் ஒன்ராறியோ அரசு எங்கள் சிகிச்சையைப் பொதுச் சுகாதாரக் காப்புறுதியிலிருந்து நீக்கியிருந்தது; வருகிறவர் எல்லோரும் கைக்காசோ வேலைத்தலக் காப்புறுதியோ கொடுக்கவேண்டிய நிலை. உணவகத்தில் கோப்பை கழுவும் ஒரு தம்பி, மூன்று தவணையில் கட்டுகிறேன் என்று கேட்டுப் பொதி வாங்கினான். இருபத்தைந்து வயது. ஆறாவது தடவையே அவனுக்குச் சுகம். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "அக்கா, காசு கட்டினனான், முடிச்சுப்போட்டுப் போறன்" என்று முப்பத்தாறும் வந்தான். ஒவ்வொரு முறையும் பஸ் இரண்டு மாறி.

ஆகவே அண்ணையைக் கெட்ட மனுசன் என்று நான் எழுதவில்லை. அவருக்கு வாடகை இருக்கிறது, எக்ஸ்ரே இயந்திரத்தின் தவணை இருக்கிறது, இருபத்தெட்டு வருடம் சொன்ன கதையை இனி மாற்றிச் சொல்லும் சங்கடம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பாரம் என்று நினைக்கிறேன். அவர் என்னைவிட நல்ல கைகாரர். என் நாரி பிடித்தபோது நான் போனதும் அவரிடம்தான். (இரண்டு தடவை. படம் எடுக்கவில்லை. சொந்தக்காரருக்கும் தொழில்காரருக்கும் அவர் படம் எடுப்பதில்லை என்பதை அவருடைய கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.)

அந்த அம்மாவிடம் வருகிறேன். கையால் செய்யவேண்டியதைச் செய்தேன். குனிந்து நிமிரச் சொல்லிக்கொடுத்தேன். வேலையில் ஆளைத் திருப்பும்போது காலை எங்கே வைப்பது, விரிப்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். படத்தைப் பற்றி அரைமணித்தியாலம் கதைக்கவேண்டியிருந்தது. அதுக்கு நான் காசு எடுக்கேலாது, ரசீதில் அப்படி ஒரு வரி இல்லை.

"அப்ப அந்தக் கோடு பொய்யோ, பிள்ளை?"

"கோடு பொய்யில்லை அம்மா. எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். எனக்கும் இருக்கும்."

"அப்ப ஏன் எனக்கு மட்டும் கீறிக் காட்டினவர்?"

நான் திரையை அணைத்தேன். நாலு தடவை வந்தார். ஐந்தாவதுக்கு முதல்நாள் தொலைபேசி எடுத்து, நோவு போய்விட்டது, வேலை நேரமும் மாறிவிட்டது, வரத்தேவையில்லைத்தானே என்று கேட்டார். தேவையில்லை என்றேன். பின்னால் ஒரு குழந்தை வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கட்டின முற்பணத்தைத் திரும்ப வாங்கமுடியுமா என்று அவர் கேட்டார். முறைப்பாட்டை எங்கே எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தேன். யாருக்கு எதிராக எழுதப்போகிறார் என்பது எனக்குத் தெரியும்.